தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சபை

கிழக்கு பெங்களூரில் எங்கள் சபையின் தமிழ் ஆராதனை காலை ஏழு மணிக்கு. எட்டரைக்கெல்லாம் ஆங்கில ஆராதனைக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். முதல் பாட்டு தொடங்கும்போது இடது பக்கம், அதாவது பெண்கள் உட்காரும் பக்கம், முக்கால்வாசி நிறைந்திருக்கும். வலது பக்கத்தில் முன்னாலுள்ள நான்கு பெஞ்சு காலி. ரயிலில் கதவோரம் இடம் பிடிப்பவர்களைப் போல, ஆண்கள் பின்னாலிருந்துதான் நிரப்பிக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் வளாகத்திலிருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நிற்பார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அம்மாவையும் இறக்கிவிட வந்தவர்கள். உள்ளே பிரசங்கம் ஓடும். வெளியே சர்ஜாபூர் சாலையில் மனை விலை, மகனுக்குக் கிடைக்காத இன்ஜினியரிங் சீட்டு, வரப்போகிற சேகரக் கமிட்டித் தேர்தல், அதாவது சபை நிர்வாகக் குழுத் தேர்தல். காணிக்கைப் பாட்டின் முதல் அடி காதில் விழுந்ததும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். காணிக்கை போட்டு, ஆசீர்வாதம் பெற்று, ஆமென் சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் வண்டியைக் கிளப்புவார்கள். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த மரத்தடியில் பன்னிரண்டு வருடம் நானும் நின்றவன்.

சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் தவறாமல் எழுகிற கேள்வி, ஆண்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது. விடையும் தவறாமல் ஒன்றுதான்: ஆண்கள் முகாம். நகரத்துக்கு வெளியே ஒரு தியான மையம், சென்னையிலிருந்து ஒரு பேச்சாளர், மதியம் பிரியாணி. போகிறவர்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள். மரத்தடிக்காரர்கள் மரத்தடியிலேயே இருப்பார்கள். ஆண்கள் முகாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோய் எது என்று பார்க்காமல் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை பல நாடுகளின் சராசரியைத் தருகிறது. வாரம் ஒரு முறையாவது ஆலயத்துக்குப் போவதாகச் சொன்ன கிறிஸ்தவப் பெண்கள் 53 விழுக்காடு, ஆண்கள் 46 விழுக்காடு. பழைய கவலையும் கூட. 1911–12-ல் அமெரிக்காவில் ஆண்களைத் திருச்சபைக்குள் இழுப்பதற்கென்றே ஒரு பெரிய இயக்கம் நடந்தது. 'மதத்துக்கு இன்னும் ஆண்கள், ஆண்களுக்கு இன்னும் மதம்' என்பது அதன் முழக்கம். 1990-ல் பில் மெக்கார்ட்னி என்கிற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் 'பிராமிஸ் கீப்பர்ஸ்' என்கிற கிறிஸ்தவ ஆண்கள் இயக்கத்தைத் தொடங்கினார். மைதானம் மைதானமாக ஆண்கள் கூடினார்கள், 1997 அக்டோபரில் வாஷிங்டனில் பல லட்சம் பேர் திரண்டார்கள். சில வருடங்களுக்குள் அந்த அலை வடிந்துவிட்டது. மைதானத்தில் அழுத ஆண்கள் வீடு திரும்பிய பிறகு அடுத்த ஞாயிறு அவர்களுக்கு என்ன வேலை இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

அதே பியூ அறிக்கையில் என்னை நிறுத்திய இன்னொரு கணக்கு இருக்கிறது. இஸ்லாமியர்களிடையே நிலைமை தலைகீழ். வாரந்தோறும் தொழுகைக்குப் போகும் ஆண்கள் 70 விழுக்காடு, பெண்கள் 42. மரபுவழி யூதர்களிடமும் ஆண்களே அதிகம். ஆகவே, ஆண் என்றாலே பக்தி குறைவு, அது பிறவிக் குணம் என்கிற பேச்சு நிற்காது. வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை ஆணுக்குக் கடமை. அந்த யூதர்களின் மரபில் பத்து ஆண்கள் சேராவிட்டால் சில ஜெபங்களைச் சொல்லவே முடியாது. ஒன்பது பேர் கூடி, பத்தாவது ஆளைத் தேடித் தெருவுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாவது ஆள் எவ்வளவு சோம்பேறியானாலும் எழுந்து வருவான், அவன் இல்லாவிட்டால் காரியம் நடக்காது. பெண்களைக் கணக்கிலேயே எடுக்காத அந்த விதியை நான் பாராட்டவில்லை. ஆளை எண்ணுகிற இடத்துக்கு ஆள் வருவான் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் சபைகளிலோ, மரத்தடிக்காரர் ஒருவர் மூன்று மாதம் வராவிட்டால் என்ன நின்றுபோகும்? ஒன்றும் நிற்காது. அது அவருக்கும் தெரியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் சபையில் இல்லை என்பது பாதி உண்மைதான். கமிட்டி மேசையைச் சுற்றிப் பாருங்கள். செயலர், பொருளர், கட்டடக் குழு, கணக்குத் தணிக்கை, பேராயத்துக்குப் போகும் பிரதிநிதி என்று பெரும்பாலும் ஆண்களே. தேர்தல் வந்தால் பல வருடம் முகம் காட்டாதவர்கள்கூடச் சந்தாப் பாக்கியைக் கட்டி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தை எட்டாயிரம் ரூபாய்க்கு ஏற்றிவிடுபவர்கள் யார்? பெங்களூர்க் கத்தோலிக்க ஆலயங்களில் தமிழா கன்னடமா என்கிற மொழித் தகராறு மூண்ட காலங்களில் ஆண்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மறுபக்கம் ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் பார்க்கப் போவது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், பலிபீட விரிப்பைத் துவைத்துத் தேய்ப்பது, புதிதாக வந்த குடும்பத்தின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் பெண்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தால் ஜெபமாலை சொல்கிற குரல்களில் ஆண்குரல் ஒன்றிரண்டுதான் கேட்கும். அதிகாரத்துக்கு ஆண், உழைப்புக்குப் பெண் என்று பாகம் பிரித்துக்கொண்டோம். அதிகாரத்தில் இடம் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான். மீதி ஆண்கள் எங்கே போவார்கள்? மரத்தடிக்கு.

எப்போதும் இப்படியிருந்ததா என்று திரும்பிப் பார்த்தால், தமிழ்ச் சபையின் தொடக்கத்தில் பெண்கள் முன்னே நிற்கிறார்கள். திருநெல்வேலித் திருச்சபையின் கதை, 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்கிற பெண்ணிடமிருந்துதான் தொடங்குகிறது. 1785-ல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டியதும் அவர்தான். பிற்காலத்தில் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய வேதப்பெண்கள் இல்லாமல் பல ஊர்களில் சபையே முளைத்திருக்காது. ஆனால் அதே நாட்களில் ஆண்களுக்கும் கையும் குரலும் கேட்கிற வேலை இருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளை ஆர்மோனியமும் டோலக்குமாக எடுத்துப் பாடியவர்கள், மார்கழிக் குளிரில் விடியுமுன் தெருத் தெருவாகப் பஜனை போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மணியடிக்க ஒருவர், ஓடு மாற்ற ஒருவர், சப்பரம் தூக்க நாற்பது பேர். கோயிலுக்கு உள்ளே உட்காராதவனுக்கும் கோயிலைச் சுற்றி வேலை இருந்தது.

எங்கள் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரம் பக்கம். சிறு வயதில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்குப் போவோம். பண்டிகையின் உச்சம் அசனம், சாதி சனம் பாராமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் சோறு. என் பெரியப்பா ஒருவர் பனையேறியவர், குடிப்பவர், மற்ற நாட்களில் கோயில் படியை மிதிக்காதவர். அசனத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "அண்ணாச்சி, நீங்கள் வந்தால்தான் அடுப்பு மூட்டுவோம்." பெரியப்பா பதில் சொல்ல மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், அன்றைக்கு மட்டும் குடிக்காமல். கோயிலுக்குப் பின்னால் நீளமாகக் குழி வெட்டி, அதன்மேல் வரிசையாக அண்டாக்களை ஏற்றுவார்கள். பனை மட்டை எரியும். இரவு முழுவதும் முப்பது நாற்பது ஆண்கள். ஒருவர் கறி அரிய, ஒருவர் தண்ணீர் சுமக்க, இரண்டு பேர் சேர்ந்து துடுப்பு போடுவார்கள். விடியும் நேரத்தில் சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டும்போது எழும் ஆவியில் பெரியப்பாவின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். முதல் கரண்டிச் சோற்றை ஐயர் ஜெபித்து ஆசீர்வதிக்கையில், அவர் அடுப்படியில் நின்றபடியே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். வருடத்தில் அவர் செய்த ஒரே ஜெபம் அது. ஒன்று இருந்தது என்பதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெங்களூரில் அந்த அடுப்படி இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த ஊருக்கு ஒரே வழியாக வந்தவர்கள் அல்லர். 1809-ல் ஆங்கிலேயப் படை கன்டோன்மென்ட் அமைத்தபோது அதோடு வந்தவர்கள் உண்டு. சிவாஜிநகர், அல்சூர், மர்பி டவுன் எல்லாம் அப்படி நிரம்பிய பகுதிகள். பின்னி மில்லுக்கு வந்தவர்கள், பிறகு எச்ஏஎல், ஐடிஐ, பிஇஎல் என்று அரசுத் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து இறங்கியவர்கள், கடைசியாகக் கணினியோடு வந்தவர்கள். தொழிற்சாலைக் காலம் வரைக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு, ஞாயிறு விடுமுறை. குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒரே பாடகர் குழுவில் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் குடில் கட்ட வெல்டிங் தெரிந்தவர், மின்விளக்குப் போட எலக்ட்ரீஷியன், எல்லாரும் சபைக்குள்ளேயே கிடைத்தார்கள். கத்தோலிக்கர்களிடையே 1833-ல் பாரீசில் ஃபிரெடெரிக் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் பங்குதோறும் இருந்தன. மாலை வேலை முடிந்து இரண்டு பேராக ஏழை வீடுகளுக்குப் போய் வருவதுதான் அவர்களுடைய ஜெபம்.

பிறகு எல்லாம் மாறியது. 2001 பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன குடும்பங்களின் ஆண்கள் இன்றுவரை மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூர் வந்து இரவில் திரும்புகிறார்கள். ஞாயிறன்று அவர்களிடம் மிச்சமிருப்பது தூக்கம் மட்டுமே. கணினிக்காரர்களுக்கு அமெரிக்க நேரம். செக்யூரிட்டி வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் ஞாயிறுதான் அதிகப் பணி. இது முதல் காரணம், எல்லாரும் சொல்வது. இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. சபைக்குள் கையால் செய்த வேலைகளை எல்லாம் நாம் காசு கொடுத்து வெளியே விட்டுவிட்டோம். அசனத்துக்குக் கேட்டரிங், பந்தலுக்குக் கான்ட்ராக்ட், ஒலிபெருக்கிக்கு ஒரு கடை, துப்புரவுக்கு ஏஜென்சி, குடிலைக்கூட ரெடிமேடாக வாங்குகிறோம். வசதிதான், நேரமும் மிச்சம். ஆனால் பெரியப்பா இன்றைக்கு உயிரோடிருந்து பெங்களூருக்கு வந்தால், எந்த வாசலில் எந்த உபதேசியார் வந்து நிற்பார்? பேச்சு வேலை, பண வேலை இரண்டையும் தவிர இங்கே ஆணுக்கு வேறொன்றும் மீதியில்லை. பேசத் தெரியாதவனும் பணமில்லாதவனும் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நிற்கிறான்.

லண்டனில் 1844-ல் துணிக்கடை ஊழியரான ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்எம்சிஏ என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கியபோது அவர் கண்ணில் பட்டவர்களும் இவர்களே, அதாவது கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, கடைக்கு மேலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் திரிந்த இளைஞர்கள். முதலில் அவர் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு அறையும் நாலு பேர் துணையும்.

மரத்தடிக்குப் பின்னால் கூச்சமும் இருக்கிறது. அது இரண்டு வகை. ஒன்று குடி சம்பந்தப்பட்டது. 'அபாத்திரமாய்' என்கிற வேதாகமச் சொல் தமிழ்ச் சபையார் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியாது. தகுதியில்லாமல் திருவிருந்தில் கைநீட்டினால் தண்டனை என்று பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். விளைவாக, சனிக்கிழமை இரவு குடித்தவன் திருவிருந்து ஞாயிறன்று வளாகத்துக்கே வருவதில்லை. மற்ற ஞாயிறுகளில் வருவான். அவனுக்கு நம்பிக்கை இல்லை என்று நாம் நினைக்கிறோம், நம்பிக்கை இருப்பதால்தான் அவன் பயப்படுகிறான். பிரசங்க மேடையிலிருந்து குடியைத் திட்டுவதால் அவன் உள்ளே வரமாட்டான், இன்னும் பத்தடி தள்ளி நிற்பான்.

மற்றது மொழி சம்பந்தப்பட்டது. இது பெங்களூருக்கே உரிய கூச்சம். இங்கே பிறந்த தமிழ்ப் பையன்கள் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. வேதபாடம் வாசிக்க ஆள் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெண்பிள்ளைகள் அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், பையன்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆயர் ஒரு காரியம் செய்தார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து கால வேதபாடங்களை வாலிபர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பெயர் போட்டுப் பட்டியலை வாசற்கதவில் ஒட்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை ஒத்திகை. மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்தான், நகக்கண்ணில் கிரீஸ் கறை போகவேயில்லை. அவன் கையில் நோட்டுத் தாள். பார்த்தால் ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம் முழுவதையும் அம்மாவை வாசிக்கச் சொல்லி, கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை, ளகரம் போட்டு அதன்மேல் ஒரு புள்ளி வைத்துத் தனக்கொரு அடையாளம் செய்துகொண்டிருந்தான். மறுநாள் வாசித்தான். மூன்று இடத்தில் தடுமாறினான். அவன் அப்பா அன்றைக்கு மரத்தடியில் நிற்கவில்லை. வலது பக்கம் இரண்டாவது பெஞ்சில், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கை வேண்டியிருக்கிற இடத்தில் ஆண்கள் வருகிறார்கள் என்பதற்கு நான் தேடிப் போக வேண்டியதில்லை. சிவாஜிநகர் தூய மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8-ஆம் தேதி திருவிழாவன்று தேரைச் சுற்றி நிற்கும் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்தவர்கள், ஆணுக்குப் பக்தி இல்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை அலுவலகப் பையோடு வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! உறுப்பினர் அட்டையும் கமிட்டியும் இல்லாமல், வந்த வேலையை முடித்துப் போகிறவர்கள் இவர்கள். இன்னும் அழுத்தமான சான்று வேண்டுமானால் சாவு வீடுகள் இருக்கின்றன. இறப்புச் சான்றிதழ், பெட்டி, ஆம்புலன்ஸ், குழி வெட்ட ஆள், கல்பள்ளியிலோ ஓசூர் சாலையிலோ கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று ஒரு சாவுக்கு இருபது வேலை. மரத்தடிக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து நிற்பார்கள், யாரும் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனாவின்போது, இந்த நகரம் பிணங்களை அடக்கம் செய்ய முடியாமல் திணறியபோது, பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களே அருகில் வர அஞ்சிய உடல்களைக் குழிக்குள் இறக்கியவர்களில் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலரை அதற்கு முன்னால் ஆலயத்துக்குள் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இப்படியிருக்க, ஆண்கள் முகாம்களில் இன்றைக்கு அதிகம் ஒலிக்கிற உபதேசம், ஆண் குடும்பத்தின் தலைவன், வீட்டின் ஆசாரியன், அவன் தன் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்காலி கிடைக்காததால் ஒதுங்கி நிற்பவனுக்கு இன்னொரு நாற்காலி, இந்த முறை வீட்டுக்குள். எங்கள் சபையில் வருடத்தில் ஒரு ஞாயிறு ஆண்கள் ஞாயிறு. ஆண்களே பாடுவார்கள், ஆண்களே வாசிப்பார்கள், ஆண் ஒருவர் பிரசங்கம் செய்வார். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் பொங்கலும் வடையும். ஒருமுறை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். காலை நான்கு மணியிலிருந்து வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். ஆண்கள் ஞாயிறாம்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று. ஆண்களை அழைப்பது என்கிற பெயரில் பெண்கள் போராடிப் பெற்றதைத் திரும்ப வாங்கிவிடக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபை 1976-லிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. அந்தத் திருச்சபை 1947-ல் உருவாகி முதல் பெண் பேராயரைக் காண 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, நந்தியால் பேராயத்தில் புஷ்ப லலிதா. கத்தோலிக்கத் திருச்சபையில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கு முறையாகத் திறந்துவிட்டது 2021-ல்தான். பெண்கள் அதிகம் தெரிவதால்தான் ஆண்கள் ஒதுங்குகிறார்கள் என்று நம் கூட்டங்களில் சிலர் முணுமுணுப்பதுண்டு. பெண்கள் பீடத்தின் பக்கமே போகாத காலத்திலும் மரத்தடி இருந்தது, மரம்தான் சிறியதாக இருந்தது.

எங்கள் சபையில் பலன் கொடுத்தவை சின்னச் சின்னக் காரியங்கள். ஆயரம்மா ஒரு நாள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பிரச்சினையைச் சொன்னார். சபையில் மூன்று பேர் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஆட்டோ கட்டணமே மருந்துச் செலவைத் தாண்டுகிறது. மேடையில் அறிவித்தால் எல்லாரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆராதனை நடக்கும்போதே எழுந்து வெளியே வந்து நேராக மரத்தடிக்குப் போனார். கார் வைத்திருக்கும் ஐந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உங்களுக்குச் செவ்வாய், உங்களுக்கு வெள்ளி, மூன்று மாதத்துக்கு மட்டும் என்றார். 'மூன்று மாதத்துக்கு மட்டும்' என்பதுதான் அதன் சூட்சுமம். சங்கத்தில் சேருங்கள், பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்றால் ஆயுள் தண்டனை போல ஒலிக்கும். ஐந்து பேரில் நான்கு பேர் மூன்று மாதம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. நான்கு மணி நேரம் ஊசி குத்தியிருக்கும் ஆளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும் வழியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை அவரவர் அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் நான். மரத்தடியை நான் விட்டது எந்தப் பிரசங்கத்தாலும் அல்ல.

ஞாயிறு பள்ளியில் ஆண் ஆசிரியர்கள் வேண்டும் என்பது அடுத்தது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை ஒரு பையனுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பவர்கள் அக்காமார்களும் அத்தைமார்களும் மட்டுமே என்றால், இது பெண்களின் காரியம் என்று அவன் முடிவு கட்டுவதில் வியப்பில்லை. திருவிருந்தில் சேர்க்கிற சடங்கான திடப்படுத்தல் முடிந்த கையோடு அவன் காணாமல் போகிறான். பெரும்பாலான பையன்களை நாம் இழப்பது அந்த ஒரு வருடத்துக்குள்தான். ஆண் ஆசிரியர்கள் வரும்போது ஒரு வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும் என்கிற விதியும் கூடவே வர வேண்டும், அதில் தயவு தாட்சணியம் கூடாது. நேரத்தைப் பற்றியும் யோசிக்கலாம். காலை ஏழு மணி என்பது இரவுப் பணிக்காரனுக்கு நள்ளிரவு. பக்கத்துச் சபை ஒன்றில் மாலை ஆறு மணிக்குச் சின்னதாக ஒரு தமிழ் ஆராதனை தொடங்கியிருக்கிறார்கள், நாற்பது பேர்தான் வருகிறார்கள், பாதிக்கு மேல் ஆண்கள்.

இந்த வருட அசனத்துக்குக் கேட்டரிங்காரர் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். கமிட்டிக் கூட்டத்தில் டயாலிசிஸ் வண்டிக்காரர் ஒருவர் எழுந்து, நாமே ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். செயலர் சிரித்தார். அறுநூறு பேருக்கு யார் ஆக்குவது, அண்டா எங்கே இருக்கிறது என்றார். அண்டா இருக்கிறது என்று ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கொட்டகையைத் திறந்தோம். உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய சீரியல் விளக்குகளுக்கும் அடியில் நான்கு பித்தளை அண்டாக்கள் கிடந்தன. விளிம்பில் உபயக்காரரின் பெயரும் 1968 என்கிற வருடமும் வெட்டியிருந்தது. ஒன்றில் ஓட்டை, மூன்றில் ஈயம் போய்விட்டது. ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஈயம் பூசுகிறவர் ஒருவர் இன்னும் இருக்கிறாராம். கன்னட எழுத்தில் ஏசாயா எழுதி வந்த பையன் தன் கடை டெம்போவை எடுத்து வருகிறேன் என்று போயிருக்கிறான்.